கரையேறியதும் குடிக்க ஒரு பிளாஸ்க் கஞ்சி

சென்ற சனிக்கிழமை காலை 7.05 மணிக்கு, இராமநாதபுரம் மாவட்டத்து அரியமான் கடற்கரைச் சவுக்கு நிழலில் ஈரத் துண்டோடு உட்கார்ந்து, பிளாஸ்கின் மூடியைத் திருகித் திறந்து வெப்பமானியை உள்ளே விட்டபோது அது 78 டிகிரி காட்டியது. கரண்டியால் கிளறி, பாசிப்பருப்பு ஒன்றை எடுத்து விரலிடையில் நசுக்கினேன், மாவாக நசுங்கியது. அடுப்பில் மூன்றே நிமிடம் கொதித்த குதிரைவாலிக் கஞ்சி, நாங்கள் கடலில் கிடந்த நேரத்தில் தானாகவே வெந்து முடிந்திருந்தது. இந்த ஒரு பிளாஸ்க் கஞ்சியைச் சரியாகக் கரைக்குக் கொண்டுவந்து சேர்க்க எனக்கு மார்ச் முதல் ஜூலை வரை ஐந்து மாதம் பிடித்தது. இடையில் செய்த தவறுகள் மறந்துபோகும் முன் அவற்றை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

எனக்கு வயது 47. நாற்காலியில் அமர்ந்து செய்யும் அலுவலக வேலை. நீச்சல் சிறு வயதில் ஊர் ஊருணியில் பழகியது. கடலில் நீந்தத் தொடங்கி ஒன்றரை ஆண்டுதான் ஆகிறது. கீழக்கரையைச் சேர்ந்த மருந்துக்கடைக்காரர் ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், நான் என மூவர் செவ்வாய், வியாழன், சனி ஆகிய மூன்று நாட்களும் உச்சிப்புளியில் சந்தித்து அரியமானுக்குப் போவோம். காலை 6 மணிக்கு இறங்கி, மார்பளவு ஆழத்துக்கு மேல் போகாமல், இடுப்பில் மிதவை கட்டிக்கொண்டு, கரைக்கு இணையாக 45 நிமிடம் நீந்துவோம். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் மன்னார் வளைகுடாப் பக்கம் அலை புரளும்போது, பாக் விரிகுடாப் பக்கம் பெரும்பாலும் குளம்போலக் கிடக்கும். பெண்கடல் என்று அதனை இங்கே சொல்வது சும்மா இல்லை. வாடைக் காற்று தொடங்கிவிட்டால் நிலைமை தலைகீழ். ஆகவே ஐப்பசி முதல் தை வரை நாங்கள் நீந்துவதில்லை. சொறி மீன் (ஜெல்லி மீன்) கரைப்பக்கம் ஏறியிருக்கும் நாட்களிலும் இறங்குவதில்லை.

சென்ற ஆண்டு பிப்ரவரியில் நீந்தத் தொடங்கியபோது என் எடை 78.4 கிலோ. இந்த ஆண்டு பிப்ரவரியில் 80.6 கிலோ. வெறும் வயிற்றில் எடுத்த சர்க்கரை அளவு 112 என்று வந்தது. 100 முதல் 125 வரை இருந்தால் சர்க்கரை நோயின் வாசலில் நிற்கிறோம் என்று பொருள். நீந்தியும் எடை கூடியது எப்படி என்பதற்கு ஆராய்ச்சி எதுவும் தேவைப்படவில்லை. கரையேறியதும் வரும் பசி சாதாரணப் பசி அன்று. கை நடுங்கும் பசி. அந்தப் பசியோடு வண்டியை எடுத்தால் நெடுஞ்சாலை முக்கில் கல்லில் பரோட்டா தட்டும் ஓசை கேட்கும். இரண்டு பரோட்டா, சால்னா, ஒரு வடை, சர்க்கரை போட்ட தேநீர் என்பதை எவ்வளவு குறைத்துக் கணக்கிட்டாலும் 700 கலோரிக்குக் கீழே வராது. என் எடையில் ஒருவர் 45 நிமிடம் நிதானமாக நீந்தினால் செலவாவது ஏறத்தாழ 350 கலோரி. கடலில் ஒரு பங்கு கொடுத்துவிட்டுக் கடையில் இரண்டு பங்கு வாங்கிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்தபின் மனைவி வைத்திருக்கும் இட்லி வேறு.

மார்ச் மாதத்தில் முதலில் செய்தது, பசியைப் பொறுத்துக்கொண்டு நேராக வீடு போவது என்ற வைராக்கியம். அது நான்கு நாள் நிலைத்தது. நான்காம் நாள் வண்டி ஓட்டும்போதே கண் இருட்டிக்கொண்டு வந்ததால் சாலையோரம் நிறுத்தி உட்கார்ந்தேன். ஐந்தாம் நாள் மூன்று பரோட்டா.

இரண்டாவதாக, நீந்தப் போகும் முன்பே வயிற்றை நிரப்பிவிட்டால் பின்னால் பசிக்காது என்று எண்ணினேன். அதிகாலை 5.15 மணிக்குப் பழைய சோறு ஒரு பெரிய கிண்ணம், கெட்டித் தயிர், நான்கு சின்ன வெங்காயம். வயல் வேலைக்குப் போகிறவர்களுக்கு அது நல்ல உணவுதான். ஆனால் வயலில் நின்றுகொண்டும் குனிந்துகொண்டும் வேலை செய்கிறோம், கடலில் குப்புறப் படுத்திருக்கிறோம். இருபதாவது நிமிடத்தில் ஒரு வாய் உப்புத் தண்ணீர் உள்ளே போனதும், சோறு முழுவதும் தொண்டை வழியே திரும்பி வந்தது. ஆழம் குறைவாக இருந்ததால் எழுந்து நின்றுகொண்டேன். ஆழத்தில் அது நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இன்றும் நினைக்க விரும்பவில்லை. கரையில் வலையை உதறிக்கொண்டிருந்த, வத்தை என்னும் சிறு படகில் மீன்பிடிக்கும் வத்தைக்காரர் ஒருவர் எல்லாவற்றையும் பார்த்திருந்தார். "சார், வயித்துல பாரத்த ஏத்திக்கிட்டு யாராச்சும் கடல்ல இறங்குவாங்களா? நாங்க கரைக்கு வந்துதான் கஞ்சி குடிப்போம்" என்றார். இந்தப் பதிவின் விடையே அந்த இரண்டு வரியில் இருந்தது. எனக்கு அது அப்போது உறைக்கவில்லை.

மூன்றாவது தவறு, முந்தைய இரவு ஒரு தட்டு நிறையக் கொண்டைக்கடலைச் சுண்டல் சாப்பிட்டது. புரதம் நல்லது என்பது உண்மை. ஆனால் மறுநாள் காலை வயிறு மத்தளமாக இருக்க, கையை நீட்டும்போதெல்லாம் விலாவுக்குக் கீழே பிடித்துக்கொண்டது. சுண்டல் இப்போது நீச்சல் இல்லாத நாட்களின் மாலைக்கு மாற்றப்பட்டுவிட்டது. நீந்தும் முன் நான் சாப்பிடுவது, 5.20 மணிக்கு ஒரு சிறிய நாட்டு வாழைப்பழம், ஒரு டம்ளர் தண்ணீர், அவ்வளவுதான். ஆசிரியர் இரண்டு பேரீச்சம்பழம் சாப்பிடுகிறார்.

பிறகு பானத்தில் சிக்கிக்கொண்டேன். நீந்துபவர்களுக்கு இடையிடையே ஊட்டம் கொடுக்க வேண்டும் என்று எங்கோ படித்திருந்த ஆசிரியர், ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் பாக் நீரிணையை அக்கரைக்கும் இக்கரைக்குமாகக் கடந்ததையும், குற்றாலீசுவரன் 1994இல் பன்னிரண்டு வயதில் அதே நீரிணையைக் கடந்ததையும் எடுத்துச் சொன்னார். அதைக் கேட்டு நான் கருப்பட்டிப் பானகம் தயாரித்தேன். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் சாயல்குடிக் கருப்பட்டி, எலுமிச்சை, சுக்கு, ஏலம். திருவிழாவில் குடித்தால் தேவாமிர்தம். நீந்தும் இடையில் குடித்தபோது வயிற்றில் குடம் தளும்புவதுபோல் தளும்பி, பின்பு இழுத்துப் பிடித்தது. வயிற்றுப்போக்குக்கு வீட்டில் கரைக்கும் கரைசலுக்கே ஒரு லிட்டருக்கு 6 தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும்தான் அளவு; அதாவது சர்க்கரை ஏறத்தாழ 25 கிராம். என் பானகம் அதைப்போல நான்கு மடங்கு இனிப்பு. கருப்பட்டியை 40 கிராமாகக் குறைத்ததும் வயிறு அமைதியானது. ஆனால் அதற்குள் வேறொரு கேள்வி எழுந்தது: நாள் முழுக்க நீந்துகிறவர்களுக்கு வேண்டியது, 45 நிமிடம் நீந்துகிறவனுக்கு எதற்கு?

அதை அளந்து பார்த்துவிட முடிவு செய்து குளியலறை எடைப்பொறியைக் கடற்கரைக்குத் தூக்கிச் சென்றேன். மணலில் வைத்தால் ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் எண் காட்டும். முதல் நாள் 71 கிலோ என்று காட்டியதில் கொஞ்ச நேரம் மகிழ்ச்சியாக இருந்தேன். பிறகு ஒரு சிமெண்ட் மேடையைத் தேடிப் பிடித்தோம். நீந்தும் உடையோடு ஏறினால் ஈரம் எடையைக் கூட்டிவிடும் என்பதால், முன்னும் பின்னும் உடம்பைத் துவட்டிவிட்டு, இதற்கென்றே வைத்திருந்த உலர்ந்த கைலியோடு ஏறினோம். மே மாதத்தில் நான்கு நாள் பார்த்ததில் எனக்கு 0.3 முதல் 0.5 கிலோ வரை குறைந்திருந்தது. வெதுவெதுப்பான கடலுக்குள் வியர்ப்பது நமக்குத் தெரிவதில்லை, வியர்க்கத்தான் செய்கிறது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆனால் அரை கிலோ என்பது இரண்டு மூன்று டம்ளர் தண்ணீர்தான்; அதைக் கரையில் குடித்துக்கொள்ளலாம். பானகத்தை, ஒரு மணி நேரத்துக்கு மேல் நீந்தும் அரிதான நாட்களுக்கென்று ஒதுக்கி வைத்தேன். உப்புப் போட்ட நீர்மோரும் கொண்டுபோய்ப் பார்த்தேன். ஏற்கெனவே வாயெல்லாம் கடலாக இருக்கும்போது அது குமட்டியது. இஞ்சி மட்டும் தட்டிப் போட்ட உப்பில்லாத மோர் இதமாக இறங்கியது. அந்த மோர் பின்னால் கஞ்சிக்கே உதவியது.

இதற்கெல்லாம் இடையில், ஏப்ரல் நடுவிலேயே வத்தைக்காரர் சொன்னது திரும்ப நினைவுக்கு வந்தது. கோளாறு கடலிலும் இல்லை, வீட்டு அடுப்படியிலும் இல்லை, கரையேறும் 6.45 மணிக்கும் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டுக்கு முன் உட்காரும் 7.40 மணிக்கும் இடையே கிடந்த அந்த ஐம்பத்தைந்து நிமிடத்தில்தான் எல்லாம் கெட்டுக்கொண்டிருந்தது. கையில் சூடாக, தயாராக, அளவாக ஏதாவது இருந்துவிட்டால் பரோட்டாக்கல் முன்னால் எந்த வைராக்கியமும் தேவையில்லை. அதிகாலை நாலரைக்கு எழுந்து முழுச் சமையல் செய்ய எனக்கும் முடியாது, என்னால் மனைவியின் தூக்கத்தைக் கெடுக்கவும் விருப்பமில்லை. எனவே பிளாஸ்க்.

வீட்டில் இருந்த, கழுத்துக் குறுகிய அரை லிட்டர் தேநீர்ப் பிளாஸ்கிலேயே தொடங்கினேன். வெந்த கஞ்சியைப் புனல் வைத்து ஊற்றும்போது தண்ணீராக இறங்கியது, கரையில் திறந்தபோது களியாக இறுகியிருந்தது. கரண்டி நுழையாது, கவிழ்த்தால் விழாது. ஆசிரியர் ஒரு தென்னை ஈர்க்கை ஒடித்துக் குத்திக் குத்தி எடுக்க, மூவரும் சேர்ந்து ஆளுக்கு இரண்டு வாய் சாப்பிட்டோம். அடுத்த ஒரு வாரம் அலுவலகத்தில் நான் குடித்த தேநீரில் கஞ்சி மணத்தது.

பிறகு இராமநாதபுரம் அரண்மனைப் பக்கத்துக் கடைவீதியில் ஒரு லிட்டர் கொள்ளளவுள்ள, வாய் அகன்ற எவர்சில்வர் பிளாஸ்க் ஒன்றை 950 ரூபாய்க்கு வாங்கினேன். அதில் செய்த முதல் காரியம்தான் இந்த ஐந்து மாதத்தில் நான் செய்த பெரிய முட்டாள்தனம். காலையில் எழுவதைத் தவிர்க்க முந்தைய இரவு 10 மணிக்கே கஞ்சியைக் கொதிக்க வைத்து ஊற்றி மூடிவிட்டேன். காலை 7 மணிக்குத் திறந்தபோது கஞ்சி நன்றாக வெந்து, கைபொறுக்கும் சூட்டில் இருந்தது. லேசான புளிப்பு வாடையும் வந்தது. கீழக்கரை நண்பர் இரண்டு கரண்டி வாயில் வைத்துவிட்டு, "அண்ணே, இது சரியில்ல, விட்ருங்க" என்றார். மருந்துக்கடைக்காரர் சொன்னதைக் கேட்டிருக்கலாம். வீணாக்க மனமில்லாமல் நான் ஒரு டம்ளர் குடித்தேன். பதினொரு மணிக்கு அலுவலகத்தில் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

சமைத்த உணவு ஒன்று 60 டிகிரிக்கு மேல் சூடாக இருக்க வேண்டும், அல்லது குளிர்பெட்டிக் குளிரில் இருக்க வேண்டும். இடைப்பட்ட வெதுவெதுப்பில் மணிக்கணக்காகக் கிடந்தால் கிருமி பெருகும். சோறு, கஞ்சி போன்ற தானிய உணவுகளில் கொதியையும் தாங்கிக்கொண்டு உறங்கிக் கிடக்கும் கிருமி வித்துகள் உண்டு என்பதால் "நன்றாகக் கொதிக்க வைத்தேனே" என்பது சமாதானம் ஆகாது. கைபொறுக்கும் சூடு என்றால் அது கிருமிக்கும் பொறுக்கும் சூடு. அன்று மாலையே 350 ரூபாய்க்கு, ஊசிபோல் குத்திப் பார்க்கும் எண்ணியல் வெப்பமானி வாங்கினேன். பிளாஸ்குக்கு முன்பே வாங்கியிருக்க வேண்டிய பொருள் அது.

மூன்றாவது முயற்சியில் காலை 4.50 மணிக்கு எழுந்து, என் பங்குக்கு மட்டும் 50 கிராம் குதிரைவாலியும் 25 கிராம் பாசிப்பருப்பும் உலர்ந்தபடியே பிளாஸ்கில் போட்டு, அரை லிட்டர் கொதிநீர் ஊற்றி மூடினேன். 7.05 மணிக்கு வெப்பமானி 62 டிகிரி காட்டியது. குதிரைவாலி உப்பியிருந்தது; பருப்பு பல்லில் நறுக்கென்றது. பிளாஸ்க் பாதிதான் நிறைந்திருந்தது, அதைச் சூடேற்றவில்லை, பருப்பை ஊறவைக்கவில்லை. இதில் எது குற்றவாளி என்று தெரியாமல் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் பாடம் கிடைக்காது என்பதால், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வெறும் வெந்நீரை மட்டும் வைத்துச் சோதித்தேன். கொதிநீரைப் பாதியளவு ஊற்றி இரண்டே கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் 71 டிகிரி. விளிம்புவரை ஊற்றினால் 80. முதலில் கொஞ்சம் கொதிநீர் ஊற்றிப் பத்து நிமிடம் மூடி வைத்து, அதைக் கொட்டிவிட்டுப் புதுக் கொதிநீரை நிறைய ஊற்றினால் 85. ஆக, பாத்திரத்தைச் சூடேற்றுவதைவிடப் பாத்திரத்தை நிரப்புவதுதான் பெரிய வித்தியாசம். ஒருவருக்காக ஒரு லிட்டர் பிளாஸ்கில் சமைப்பது நடவாது என்று தெரிந்ததும், கீழக்கரை நண்பருக்கும் சேர்த்துச் சமைப்பதென்று முடிவாயிற்று. ஆசிரியர் தம் வீட்டு இட்லியை விட்டுக்கொடுக்க மாட்டார். அதில் குறை ஒன்றும் இல்லை. மூன்று இட்லி, ஒரு கிண்ணம் பருப்பு நிறைந்த சாம்பார், ஒரு முட்டை என்பது எங்கள் கஞ்சிக்கு எந்த வகையிலும் குறைந்த உணவன்று. அவர் அதை இரவே யோசித்து எடுத்து வருகிறார் என்பதுதான் முக்கியம்.

நான்காவது முயற்சியில் கஞ்சி அருமையாக வெந்தது. ஆனால் குடிக்கக் கிடைக்கவில்லை. விளிம்புவரை நிரப்பி, வண்டிப் பெட்டிக்குள் படுக்க வைத்திருந்தேன். மணற்பாதைக் குலுக்கலில் மூடி வழியே கசிந்து, பெட்டிக்குள் இருந்த வண்டிப் பதிவுப் புத்தகம்வரை கஞ்சியாகியிருந்தது. மறுநாள் மீன் கடையில் உடைந்து கிடந்த தெர்மாகோல் பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி, இரும்பு அறுக்கும் பிளேடால் பிளாஸ்கின் அடிவட்டத்துக்கு ஒரு குழி வெட்டினேன். குழியின் ஆழம் 8 சென்டிமீட்டர். பிளாஸ்க் இப்போது நின்றபடியே பயணம் செய்கிறது. மேலே இரண்டு விரல்கடை இடம் விட்டுத்தான் ஊற்றுகிறேன்.

இப்போது நிலைத்துவிட்ட முறை இது. இரவு படுக்கும் முன் 45 கிராம் பாசிப்பருப்பைக் கழுவி ஊறவைக்கிறேன். 90 கிராம் குதிரைவாலியை வாணலியில் எண்ணெய் இல்லாமல் மணம் வரும்வரை வறுத்து வைத்துக்கொள்கிறேன். வறுத்தால் கஞ்சி பசைபோல் ஒட்டுவதில்லை. அதிகாலை 4.50 மணிக்கு ஒன்றேகால் லிட்டர் தண்ணீர் கொதிக்க வைத்து, அதில் ஒரு பங்கைப் பிளாஸ்கில் ஊற்றி மூடிவிட்டு, மீதி 850 மில்லியில் பருப்பு, குதிரைவாலி, அரைத் தேக்கரண்டிச் சீரகம், தட்டிய மிளகு பத்து, ஒரு துண்டு இஞ்சி போட்டு மூன்று நிமிடம் தளதளவெனக் கொதிக்க விடுகிறேன். பிளாஸ்கில் இருந்த நீரைக் கொட்டிவிட்டுக் கஞ்சியை ஊற்றி மூடினால் வேலை முடிந்தது; மொத்தம் இருபது நிமிடம். உப்பு கால் தேக்கரண்டி மட்டும். கரையில், அகன்ற கிண்ணத்தில் ஆளுக்குப் பாதி ஊற்றி, குளிர்பெட்டியிலிருந்து எடுத்து வந்த மோர் 150 மில்லியையும் பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயத்தையும் கலந்தால் குடிக்கும் சூட்டுக்கு வந்துவிடும்.

இந்தக் கஞ்சியில் ஒருவர் பங்குக்குக் கிடைக்கும் புரதம் எட்டு ஒன்பது கிராம்தான். நீந்தி வந்த உடலுக்கு 20 கிராம் அளவாவது வேண்டும் என்பதால் ஆளுக்கு இரண்டு அவித்த முட்டை சேர்த்துக்கொண்டோம். முட்டைக்கு ஆறு கிராம் வீதம் கணக்கு நேராகிறது. முட்டையைக் கரையில் உரிப்பது என்பது தனிக் கலை. கையில் ஒட்டிய மணல் ஒன்றுவிடாமல் வெள்ளைக் கருவில் ஏறிக்கொள்ளும். வீட்டிலேயே உரித்து மூடிபோட்ட டப்பாவில் எடுத்து வருவதும், கை கழுவ அரை லிட்டர் நல்ல தண்ணீர் தனியாகக் கொண்டுவருவதும் இரண்டு வாரம் மணல் மென்ற பிறகு வந்த ஞானம்.

காலை சீரானதும் மதியத்தின்மேல் கை வைத்தேன். எங்கள் வீட்டில் மீன் என்றால் குழம்பும் பொரியலும்தான். பொரிப்பதில் எவ்வளவு எண்ணெய் உள்ளே போகிறது என்று அறிய, சமையலறைத் தராசில் வாணலியோடு எண்ணெயை எடை போட்டேன். ஆறு சூடை மீன் பொரிக்கும் முன்னும் பின்னும் உள்ள வித்தியாசம் 41 கிராம். தெறித்தது கொஞ்சம் போனாலும், ஏறத்தாழ மூன்று மேசைக்கரண்டி எண்ணெய் மீனோடு தட்டுக்கு வந்திருக்கிறது. அதே ஆறு மீனைத் தோசைக்கல்லில் இரண்டு தேக்கரண்டி எண்ணெயில் புரட்டி எடுத்தால் 10 மில்லியோடு முடிந்துவிடுகிறது. தோல் ஒட்டாமல் இருக்கக் கல் நன்றாகக் காய வேண்டும், மீனைத் துடைத்து ஈரம் போக்க வேண்டும், முதல் நான்கு நிமிடம் அதைத் தொடவே கூடாது.

ஆவியிலும் வைத்துப் பார்த்தேன். இரண்டு குண்டு மிளகாய், ஆறு சின்ன வெங்காயம், மிளகு, மஞ்சள், சிறிது புளி ஆகியவற்றை அரைத்து, 300 கிராம் சூடையில் தடவி, வாழையிலையில் மடித்து இட்லிக் கொப்பரையில் வைத்தேன். பதினைந்து நிமிடம் வைத்த முதல் முறை மீன் உதிர்ந்து புட்டாகிவிட்டது. ஒன்பது நிமிடம் போதும். சுவையில் குறை இல்லை. ஆனால் கொப்பரையைத் திறந்து பார்த்த மனைவி, "ஏங்க, நாளைக்கு இட்லி இதுலதான் வேகணும், தெரியுதா?" என்று கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. 180 ரூபாய்க்குப் பழைய அலுமினியக் கொப்பரை ஒன்று மீனுக்கென்று வாங்கினேன். கீழக்கரை நண்பர் இதைச் சாப்பிட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்குண்ணே, ஆனா தேங்காய்ப்பால் ஊத்தாதது எங்க வீட்டுல ஆணமே இல்ல" என்றார். ஆணம் என்றால் அவர்கள் பேச்சில் குழம்பு. அவர் வீட்டில் தேங்காய்ப்பாலைப் பாதியாகக் குறைத்திருக்கிறார்கள். அதற்குமேல் பேச்சுவார்த்தைக்கு இடமில்லையாம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் போகாததால் பெரிய மீன்கள் விலை ஏறிவிட்டன. நாட்டுப்படகுகளில் வந்த சூடை, காரல், நெத்திலி ஆகியவற்றைத்தான் வாங்கினோம். உண்மையில் அந்த இரண்டு மாதத்தில்தான் சிறு மீனின் அருமை தெரிந்தது. நெத்திலியை முள்ளோடு மென்று தின்னலாம், சுண்ணாம்புச் சத்துக்கு வேறெங்கும் போக வேண்டியதில்லை. விலையும் சீலா மீனோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குக் குறைவு. சோற்றை மட்டும் பாதியாக்கிக்கொண்டு, மீதிப் பாதிக்குக் கீரையோ அவரையோ முருங்கைக்காயோ வைத்துக்கொண்டேன். வாரத்தில் இரண்டு நாள் சித்திரைக்கார் சிவப்பரிசி. அதை முதல்நாள் இரவே ஊறவைக்காவிட்டால் குக்கரில் எத்தனை விசில் விட்டாலும் மல்லுக்கட்டும்.

செலவைப் பார்த்தால், கருவிகளுக்குப் பிளாஸ்க் 950, வெப்பமானி 350, தராசு 400, கொப்பரை 180 என 1,880 ரூபாய் ஆகியிருக்கிறது. காலை உணவுக்கு ஒருவருக்குக் குதிரைவாலி 5 ரூபாய், பருப்பு 3 ரூபாய், முட்டை இரண்டு 13 ரூபாய், மோரும் மற்றதும் 4 ரூபாய் என 25 ரூபாய். முக்குக் கடையில் நான் கொடுத்துவந்தது 52 ரூபாய். வாரத்துக்கு மூன்று நாள் என்றால் 81 ரூபாய் மிச்சம். கருவிகளுக்குப் போட்ட முதல் திரும்ப இருபத்து மூன்று இருபத்து நான்கு வாரம் ஆகும். வாடைக்காலம் இடையில் வருவதால் அது அடுத்த ஆண்டுதான்.

ஜூலை இறுதியில் எடை 77.8 கிலோ, வெறும் வயிற்றுச் சர்க்கரை 103. இதைக் குதிரைவாலியின் மகிமை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பெரும் பங்கு, வாரத்துக்கு ஆறு பரோட்டா நின்றுபோனதற்கு உரியது. அவற்றை நிறுத்தக் கஞ்சி ஒரு சாக்காக இருந்தது. சிறுதானியம் என்பதால் அளவில்லாமல் குடிக்கலாம் என்ற எண்ணமும் எனக்கு இருந்தது. ஜூன் மாதத்தில் ஒரு வாரம் நண்பர் வராதபோது முழு பிளாஸ்கையும் நானே காலி செய்ததில் எடை உடனே முக்கால் கிலோ ஏறிப் பாடம் சொல்லிற்று.

மறுபடி தொடங்குவதானால் வெப்பமானியை முதல் நாளே வாங்குவேன்; தனியாக நீந்தப் போகும் நாட்களுக்கென்று வாய் அகன்ற அரை லிட்டர் பிளாஸ்க் ஒன்றும் வாங்குவேன். மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றிக் கழுவ வேண்டும் என்பது ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அதற்குள் அதன் இடுக்கில் கருத்த பூஞ்சை படிந்திருந்தது. வளையம் மாற்ற 40 ரூபாய். ஐப்பசியில் கடல் மூடியதும் பிளாஸ்கை எடுத்து வைத்துவிட்டு, வீட்டில் அரைக் கிண்ணம் கஞ்சி, ஒரு முட்டை, அரை மணி நேர நடை என்று இறக்கிக்கொள்ள வேண்டும். சென்ற வாடைக்காலத்தில் நீச்சல் நின்றும் சாப்பாடு நிற்கவில்லை.

கம்பு மட்டும் இன்னும் வசப்படவில்லை. முழுக் கம்பு இரண்டு முறையும் 7.05 மணிக்கு நடுவில் வெள்ளையாக, வேகாமல் இருந்தது. இப்போது மிக்ஸியில் இரண்டு சுற்று விட்டு ரவையாக உடைத்து, உமியைப் புடைத்து நீக்கி, 90 கிராம் ஊறவைத்திருக்கிறேன். நாளை செவ்வாய். மூன்று நிமிடத்துக்குப் பதில் ஆறு நிமிடம் கொதிக்க விட்டு ஊற்றப் போகிறேன்.